முப்பது போத்தல், இரண்டு கிணறு

நான் வேலை பார்த்த கந்தோர்ப் பிள்ளைகள் நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். "மிஸ், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். கேட்காமல் விட்டிருந்தாலும் எழுதியிருப்பேன். இந்த இரண்டு கிழமையாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும்போதே வாசற்படலைக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சோறு அடிப்பிடிக்கிறது. பூசைக்குப் போனால் பங்குச் சுவாமியின் பிரசங்கம் காதில் ஏறுவதில்லை. காரணம் இதுதான்: எங்கள் மன்னார்த் தீவுக் கரையில் இருக்கும் அந்த விளையாட்டுப் பூங்கா விடுதி, தண்ணீர்ப் பூங்கா ஒன்றும் கட்டுவதற்கு மறுபடியும் அனுமதி கேட்டிருக்கிறது. முதல் தடவை அவர்கள் கேட்டபோது சுற்றுவட்டாரக் கிணறுகளைப் பரிசோதித்து, தண்ணீர் நல்லது என்று கையெழுத்து வைத்தவள் நான். அந்தக் கையெழுத்து பொய்.

பொய் என்று எழுதிவிட்டேன். இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. தண்ணீர்க் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பதவியின் பெயர் நீளமானது. ஊர்ச் சனத்துக்கு நான் 'போத்தல் மிஸ்'. மன்னாருக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு வேறு மாதிரி நினைத்துச் சிரிப்பதுண்டு. உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு போத்தல் கழுவுகிறவளாகச் சேர்ந்தேன். இடையில் சண்டை, இடப்பெயர்வு, முகாம், திரும்பி வருதல் எல்லாம் நடந்தன. அநுராதபுரத்தில் ஆறு மாதம் பயிற்சி தந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே கிணற்றைக் கண்ணால் கண்டதே இரண்டு தரம்.

வேலையைப் படித்தது சவிரிமுத்துப் பொறியியலாளரிடம். வங்காலைக்காரர். நாங்கள் சவிரி சேர் என்போம். யாரையும் ஏசமாட்டார், ஏசினால் தேவலை என்று நினைக்கும்படி செய்வார். அறிக்கையை அவர் மேசையில் வைத்தால் தொடவும் மாட்டார். எழும்பி யன்னலடிக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வாசியுங்கோ" என்பார். நாங்கள் வாசிப்போம். முடிந்ததும், "இன்னொருக்கா வாசியுங்கோ." அவ்வளவுதான். எங்கே பிழை என்று சொல்லமாட்டார். இரண்டாம் தரமோ மூன்றாம் தரமோ பிழை எங்கள் வாயிலேயே இடறும். நான் சேர்ந்த முதல் மாதம், நாளைய திகதியை இன்றைக்கே போட்டு எழுதியிருந்தேன். நாலாம் தரம் வாசிக்கும்போதுதான் கண்டேன். "ஓம், இனிச் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தார்.

ஒரு கிணற்றில் மாதிரி எடுக்கும் முறையையும் அவர்தான் என் கையில் படியவைத்தார். முதலில் போத்தலில் பென்சிலால் கிணற்றின் இலக்கமும் வீட்டுக்காரர் பெயரும் எழுத வேண்டும்; நிரப்பிய பிறகு எழுதினால் கை மாறிப்போகும். அளவு நாடாவின் கடைசி முழத்துக்குச் சுண்ணக்கட்டி பூசி இறக்க வேண்டும். நனைந்த இடத்தில் சுண்ணாம்பு கறுக்கும், அதுதான் நீர்மட்டம். மூன்று வாளி அள்ளி வெளியே ஊற்ற வேண்டும். நாலாவது வாளித் தண்ணீரால் போத்தலை மூன்று தரம் அலச வேண்டும். பிறகு விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூட வேண்டும். "கயிறு உங்கட கையில இருக்கோணும், ஜெசிந்தா. வீட்டுக்காரர் அள்ளித் தாறன் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்பார். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. அதை அவர் மரியாதைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் தீவின் நிலத்தடித் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுற்றிவரக் கடல், மணலுக்கு அடியிலும் கடல்தான். பெய்த மழை அந்த உப்புத் தண்ணீருக்கு மேலே, மீன் குழம்பில் எண்ணெய் மிதப்பதுபோல் மிதக்கிறது. மேலே உள்ளதை மெதுவாக அள்ளினால் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு இறைத்தால் உப்பு மேலே வரும். ஒருதரம் வந்தால் லேசில் இறங்காது. பக்கத்துப் பக்கத்து வீட்டு வளவுகளிலேயே ஒன்று குடிக்கலாம், மற்றது வாயில் வைக்க முடியாது. அதனால்தான் ஊருக்கு ஊர் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கும். மற்றக் கிணறுகள் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும்.

கிணறு கெட்டது என்று சொல்கிறவளை யாருக்கும் பிடிக்காது. இதை மறிச்சுக்கட்டி என்ற ஊரில் கண்டேன். நெடுங்காலம் அகதியாக இருந்து திரும்பி வந்த ஒரு குடும்பம் முதல் வேலையாகக் கிணறு வெட்டியது. மாதிரி எடுத்தேன், குடிக்கக் கூடாத தண்ணீர். போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் என் கையில் இருந்த கடதாசியைப் பார்க்கவேயில்லை. "இருபது வருசத்துக்குப் பிறகு எங்கட மண்ணில வெட்டின கிணறு, மிஸ். அதைப் போய் கெட்டதெண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?" என்றார். அதன்பிறகு அந்தப் படலை எனக்குத் திறக்கவில்லை. ஜீப்பில் திரும்பி வரும் வழியெல்லாம், நான்தான் அந்தத் தண்ணீரைக் கெடுத்தவள் மாதிரி இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம்; கத்தோலிக்கரும் சரி, முஸ்லிம்களும் சரி. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். வீட்டோடு கிணறும் போகும். ஆகவே சம்பந்தம் பேச வருகிறவர்கள் கூரையைப் பார்ப்பதற்கு முன்பு தேத்தண்ணியைத்தான் குடித்துப் பார்ப்பார்கள். உப்புத் தண்ணீரில் தேத்தண்ணி சப்பென்று இருக்கும். பால் விட்டால் திரையும். என்னைப் பார்க்க வந்த அன்று, என் அம்மா விடியவே எங்கள் மாதா கோயில் கிணற்றில் இரண்டு குடம் அள்ளி வந்து ஒளித்து வைத்தார். கலியாணத்துக்கு அடுத்த நாள் காலையில் குளிக்கப் போன இடத்தில் சவர்க்காரம் நுரைக்காததைப் பார்த்துத்தான் என் மனிசனுக்கு விஷயம் விளங்கியது. சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டில்தான் இப்போதும் இருக்கிறேன்.

இனி அந்த விடுதி. பெயர் வேண்டாம். கரையோரம் தங்குமிடங்கள், நடுவில் ராட்டினம், மோதுகிற கார்கள், வளவைச் சுற்றி ஓடும் சின்ன ரயில். திறந்த புதிதில் 'இந்தப் புழுதிக் காற்றுக்குள் யார் வருவார்கள்' என்று நாங்கள் பகிடி பண்ணினோம். வந்தார்கள். முகாமையாளர் நிமலன் கெட்டிக்காரன், நல்ல பிள்ளை. ஊர்ப் பொடியன்களையும் பெட்டையளையும் வேலைக்கு எடுத்தார். பெருநாளைக்கும் திருநாளுக்கும் உள்ளூர்ச் சனத்துக்கு வாசலைத் திறந்துவிட்டார். நானும் ராட்டினத்தில் ஏறினேன். மேலே போனதும் தலைமன்னார் இறங்குதுறை வரை தெரிந்தது. பயத்தில் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தண்ணீர்ப் பூங்கா கேட்டு மனுப் போட்டபோது நான் மனதுக்குள் எதிர்க்கவில்லை. கந்தோருக்கு வந்து என் மேசையடியில் நின்று சொன்னார்: "அக்கா, எங்கட பிள்ளையள் தண்ணிச் சறுக்கு பாக்கிறதுக்குக் கொழும்புப் பக்கம் பஸ் பிடிச்சுப் போகுதுகள். ஏன், இஞ்ச இருக்கக்கூடாதா? ஒருக்கா நிரப்பினால் காணும். அதே தண்ணியைச் சுத்தம் செய்து சுத்திச் சுத்தி விடுவம்." ஒருக்கா நிரப்பினால் போதாது என்று எனக்குத் தெரியும். எங்கள் வெயிலும் சோளகக் காற்றும் குளத்தையே குடித்துவிடும். நாளுக்கு நாள் நிரப்ப வேண்டும். ஆனாலும் அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மன்னாரில் வளர்கிற பிள்ளைக்குச் சிரிக்க ஓர் இடம் வேண்டாமா?

சவிரி சேர் அந்த மாதம் சுகயீன லீவில் இருந்தார். பதிலுக்கு வந்தவருக்கு எல்லாவற்றிலும் அவசரம். பூங்காவைச் சுற்றியுள்ள இரண்டு ஊர்களில் முப்பது கிணறுகளைத் தெரிவு செய்து இலக்கம் போட்டோம். ஓர் ஊர் முஸ்லிம், அடுத்தது எங்கள் கத்தோலிக்க ஊர். ஜீப் இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். இரண்டு மணித்தியாலத்தில் முப்பது கிணற்றில் கயிறு போட முடியாது. என் முழங்காலும் அப்போது வீங்கியிருந்தது. ஆகவே முதல்நாள் பின்னேரம் இரண்டு ஊர் மாதர் சங்கங்களையும் கூப்பிட்டு, இலக்கம் எழுதிய போத்தல்களைக் கையில் கொடுத்தேன். "காலமை உங்கட கிணத்தில அள்ளி நிரப்பி வையுங்கோ, நான் வந்து எடுக்கிறன்." முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கயிற்றை என் கையில் இருந்து விட்டேன்.

இருபத்திமூன்றாம் இலக்கம் என் வீடு.

காலையில் வழக்கம்போல் கோயில் கிணற்றடிக்குக் குடத்தோடு போனேன். கூடையில் அந்தப் போத்தலும் இருந்தது. வீட்டில் நிரப்பத்தான் எடுத்து வைத்தேன். போகும்போது கூடையில் போட்டுவிட்டேன். என் பெயருக்கு நேரே உப்பு என்று எழுதப்படுவதும், அதைக் கந்தோரில் எல்லாரும் வாசிப்பதும், போத்தல் மிஸ்ஸின் கிணறே கெட்டது என்று ஊர் சிரிப்பதும் கண்ணுக்கு முன் வந்தன. அங்கேயே அலசினேன், மூன்று தரம். விளிம்பு வரை நிரப்பி, குமிழி இல்லாமல் மூடினேன். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. முப்பதில் ஒன்று, இதனால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன்.

பின்னேரம் ஆய்வுகூடத்தில் உப்பு அளக்கும் மீற்றரின் கோலை ஒவ்வொரு போத்தலாக விட்டேன். முதல் ஐந்து போத்தலும் ஒரே எண். மீற்றர் பழுது என்று துடைத்தேன். ஆறாவதும் அதே எண். பதினாறு வரை அப்படியே. பதினேழில் எண் மாறியது. அந்த மாறிய எண்ணே முப்பது வரை வந்தது. பக்கத்துப் பக்கத்து வளவிலேயே ருசி மாறுகிற தீவில், முப்பது கிணற்றுக்கு இரண்டே எண்கள். முதலாவது எண் எனக்குப் பழக்கமானது, பள்ளிவாசல் கிணறு. இரண்டாவது எண்ணை என் நாக்கே சொல்லும், எங்கள் கோயில் கிணறு.

நான் ஒருத்திதான் பொய் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது பேரும் செய்திருந்தார்கள். கந்தோருக்குப் போகிற போத்தலில் உப்புத் தண்ணீர் அனுப்ப ஒருத்திக்கும் மனம் வரவில்லை.

அப்போதே எழும்பி, 'மாதிரி பிழை, திரும்ப எடுக்க வேண்டும்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் இருபத்திமூன்று வெளியே வரும். 'இப்பகுதி நிலத்தடி நீர் ஒரே சீரானது, நல்ல தரமானது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பதில் அதிகாரி வாசிக்காமலே மேலே அனுப்பினார்.

மூன்றாம் கிழமை சவிரி சேர் மெலிந்துபோய் வேலைக்கு வந்தார். பிரதேச செயலகத்தில் பொதுக் கூட்டம் வைப்பதற்குப் பத்து நாள் இருந்தது. அறிக்கையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். யன்னலைப் பார்த்தபடி, "இன்னொருக்கா வாசியுங்கோ." வாசித்தேன். மூன்றாம் தரம் எண்களில் இடறினேன். "எண்கள் ஒரே மாதிரி இருக்கு, சேர்" என்றேன்.

"ஓம். போத்தலை ஆர் நிரப்பினது?"

"வீட்டுக்காரர், சேர். ஜீப் இல்லை."

அவர் திரும்பிப் பார்த்தார். "திரும்ப எடுங்கோ. உங்கட கையால." வேறொன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாடு! எந்தப் படலைக்குப் போனாலும் ஒரு சாட்டு. ஒரு வீட்டில் வாளிக் கயிறு அறுந்துவிட்டது. அடுத்த வீட்டில் கிணற்றுக்குள் பூனை விழுந்துவிட்டது. இன்னொரு வீட்டில் ஆம்பிளைகள் இல்லாத நேரம் வளவுக்குள் விடமாட்டார்கள். பத்து வருடமாக என்னை விட்ட வளவு அது. ஒருத்தி தன் கிணற்றுக்குக் கதவே போட்டுப் பூட்டியிருந்தாள். இரண்டு ஊரிலும் அந்தக் கிழமையில் செத்த பூனைகளை எண்ணினால் தீவில் எலிக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் நான் வருகிற காரணம் தெரியும். ஒருத்திக்கு மற்றவள் செய்தது தெரியாது.

ஏழாம் இலக்கம் ஹம்சியா. கணவரை இழந்தவள், பாய் இழைத்தும் இடியப்பம் அவித்தும் பிள்ளையை வளர்த்தவள். மகள் றிஸ்னாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை அதே ஊர், இரண்டு ஒழுங்கை தள்ளி ஜெமீலாவின் மகன். அவன் வேலை செய்வதும் விடுதியில்தான், சின்ன ரயில் ஓட்டுவது. நான் போனபோது ஹம்சியா சாட்டுச் சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டாள்.

"மிஸ், உங்களுக்கு நான் பொய் சொல்லப்போறதில்லை. என்ட கிணறு போன வருசத்தில இருந்து உப்பு. நீங்க தந்த போத்தலில பள்ளிக் கிணத்துத் தண்ணிதான் ஊத்தினனான். ஜெமீலா ராத்தாவுக்கும் நல்ல தண்ணி எண்டுதான் சொல்லியிருக்கிறன். மாப்பிள்ளை வந்து இருக்கப்போற வீடு இது. அரசாங்கக் கடதாசியில உப்பெண்டு வந்தால் அவங்கட முகத்தில நான் எப்பிடி முழிக்கிற?"

"கூட்டம் வாற புதன்கிழமை, ஹம்சியா."

"நிக்காஹ் முடியட்டும், மிஸ். பிறகு என்னவும் எழுதுங்கோ. அல்லாஹ்வுக்காக."

"முதல் அறிக்கை அப்பிடியே போனால் அவங்கள் ஆழமாக் குழாய் இறக்கி இறைப்பாங்கள். பிறகு பள்ளிக் கிணறும் உப்பாகும். அப்ப மாப்பிள்ளைக்கு எங்கத்தைத் தண்ணி குடுப்பீங்கள்?"

அவள் அழத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்: "உங்கட வீட்டுக் கிணறு எப்பிடி, மிஸ்?"

"பரவாயில்லை" என்றேன்.

போத்தலில் ஒன்று, கையெழுத்தில் இரண்டு, ஹம்சியாவிடம் மூன்று. யேசுவைத் தெரியாது என்று மறுதலித்த இராயப்பருக்காவது மூன்றாம் தரத்தோடு சேவல் கூவியது. எனக்கு அதுவும் இல்லை. அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். பள்ளிக் கிணற்றுத் தண்ணீரில் போட்டது, அருமையாக இருந்தது.

புதன்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் உத்தியோகத்தர்கள், பின்னால் இரண்டு ஊர்ச் சனம். நிமலன் திரையில் படம் காட்டினார்: நீல நிறச் சறுக்கு, குடைபோல் விரியும் தண்ணீர், சிரிக்கும் பிள்ளைகள். பொடியன்கள் விசிலடித்தார்கள். ஹம்சியாவின் மருமகனாக வரப்போகிறவனும் விசிலடித்தவர்களில் ஒருவன். பிரதேச செயலாளர், "தண்ணீர் அறிக்கை?" என்று கேட்டார்.

சவிரி சேர் எழும்பினார். இரண்டாம் தரம் எடுக்கக் கிடைத்தது நாலே நாலு கிணறு என்றும், அது போதாது என்றும் சொன்னார். "முதல் பட்டியல் இருக்கு. எடுத்தவ வாசிப்பா" என்று கடதாசியை என்னிடம் நீட்டினார்.

வாசித்தேன். இலக்கம், பெயர், நல்லது. இலக்கம், பெயர், நல்லது. பெயர் கேட்ட ஒவ்வொரு பெண்ணும் முக்காட்டையோ சேலைத் தலைப்பையோ இழுத்து நிலத்தைப் பார்த்தாள். முப்பதும் முடிந்தது. நிமலனின் முகம் மலர்ந்தது.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார் சவிரி சேர்.

மண்டபத்தில் சிரித்தார்கள். பிரதேச செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் திரும்பவும் ஒன்றில் இருந்து தொடங்கினேன். ஏழைத் தாண்டினேன், பதினொன்றைத் தாண்டினேன். இருபத்திமூன்றில் வாய் நின்றுவிட்டது. பின்னால் ஒரு குழந்தை அழுதது நினைவிருக்கிறது.

"இருபத்திமூண்டு, ஜெசிந்தா. இது என்ட வீடு" என்றேன். "இந்தப் போத்தலில இருந்தது கோயில் கிணத்துத் தண்ணி. என்ட கிணறு உப்பு. நான் தெரிஞ்சுகொண்டுதான் கையெழுத்து வைச்சனான்."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அதைவிட, ஊருக்குள் இனி எப்படி நடப்பது என்றுதான் நினைத்தேன். அப்போது பின்னால் ஒரு கதிரை நகர்ந்தது.

"ஏழு" என்றாள் ஹம்சியா. எழும்பி நின்றாள். "என்டதும் உப்பு. பள்ளிக் கிணத்தில அள்ளினனான்." அவள் என்னைப் பார்க்கவில்லை, மூன்று வரிசை முன்னால் இருந்த ஜெமீலாவின் முதுகைத்தான் பார்த்தாள்.

ஜெமீலா பருத்த பெண், எழும்ப நேரம் எடுத்தது. திரும்பி ஹம்சியாவை முழித்துப் பார்த்தாள். "பதினொண்டு" என்றாள். "எங்கடயும் உப்புத்தான். மகன் உன்ட வீட்டுக்கு வந்தாலாவது நல்ல தண்ணி குடிப்பான் எண்டெல்லா நான் நினைச்சிட்டிருந்தன்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் "நாலு" என்றது ஒரு குரல். "பத்தொன்பது." "இருபத்தாறு, எங்கட பூனை சாகேல்ல, சும்மா சொன்னனான்." ஒவ்வொருவராக எழும்பினார்கள். நான் கடதாசியைத் திருப்பி வைத்து எழுதினேன். இருபத்திநாலு இலக்கங்கள் வந்தன. மீதிப் பேர் எழும்பவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அனுமதி அன்று கொடுக்கப்படவில்லை. மாரியிலும் கோடையிலும் எங்கள் கையால் மாதிரி எடுத்த பிறகு பார்ப்போம் என்று தீர்மானித்தார்கள். பொடியன்கள் சிலர் என்னைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அவர்கள் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்கள். நிமலன் வாசலில் நின்றார். "அக்கா, நான் ஏமாத்தேல்லையே" என்று மட்டும் சொன்னார். உண்மை. அந்தப் பிள்ளை ஏமாற்றவில்லை. நாங்கள்தான்.

என் சேவைக் கோப்பில் ஒரு கண்டிப்புக் கடிதம் ஏறியது. அதைச் சவிரி சேரே எழுதினார், ஒரு சொல்லும் மெதுமைப்படுத்தாமல். கடிதத்தை வாங்கியபோது கேட்டேன்: "சேர், உங்களுக்கு முதலே தெரியுமா?"

"உங்கட மனிசன் செத்து முப்பத்தொண்டாம் நாள் வீட்டுக்கு வந்தனான். சாப்பிட்டுட்டுக் கை கழுவினனான்" என்றார். "சவர்க்காரம் நுரைக்கேல்ல."

அதற்குப் பிறகு இரண்டு கோடை, இரண்டு மாரி, முப்பது கிணற்றிலும் என் கையால் கயிறு போட்டேன். விடுதி மனுவைத் தானே திருப்பி எடுத்தது. நான் ஓய்வு பெற்றேன். சவிரி சேர் எனக்கு முன்னமே ஓய்வு பெற்று வங்காலையில் இருக்கிறார்.

இப்போது மறுபடியும் மனு. இந்தத் தடவை கடல் தண்ணீரை எடுத்து உப்பு நீக்கிப் பாவிப்பார்களாம். கிணற்றில் ஒரு வாளியும் தொடமாட்டார்களாம். நீக்கிய உப்பை எங்கே விடுவார்கள்? எங்கள் ஆட்கள் கரைவலை இழுக்கும் கடலுக்கா? இயந்திரம் நின்ற நாளில் எதைக் கொண்டு நிரப்புவார்கள்? கந்தோர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், "வேணுமா வேண்டாமா, மிஸ்?" வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்ல வாய் வருகுதில்லை. அந்தத் திரையில் சிரித்த பிள்ளைகளின் முகம் வந்து நிற்கிறது. வேண்டும் என்று சொல்ல அதைவிட முடியவில்லை. தங்குமிடங்களுக்கு மட்டும் தண்ணீர் இறைத்தே இவ்வளவு காலம் என்ன நடந்திருக்கிறது என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. நான் அளந்த புத்தகங்கள் அலுமாரியில் இருக்கின்றன. பிறகு அளந்தார்களா என்று கேட்டால், "ஜீப் பிரச்சினை, மிஸ்" என்கிறார்கள்.

நேற்று இருப்புக்கொள்ளாமல் வெயிலுக்குள்ளேயே ஹம்சியா வீட்டுக்கு நடந்து போனேன். றிஸ்னாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஜெமீலாவும் பகல் முழுக்க இங்கேதான். சம்பந்திமார் இருவரும் பாய் இழைத்துக்கொண்டு ஓயாமல் பிணங்குவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனால் வேறு கிணற்றுத் தண்ணீர் வைப்பதில்லை. சொந்தக் கிணற்றில்தான் தேத்தண்ணி. யாரும் சொல்லி வந்ததல்ல.

ஹம்சியா கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். "எப்பிடியும் உப்பாத்தான் இருக்கும், குடியுங்கோ, மிஸ்."

குடித்தேன். ஒரு மிடறு நாக்கில் நின்றது. போன வருடம் இதே கதிரையில் இருந்து இதே கோப்பையில் குடித்தவள் நான். இது அந்தத் தண்ணீர் அல்ல, அதைவிட உப்பு. இன்னும் ஒரு சறுக்கும் கட்டவில்லை, ஒரு குழாயும் புதிதாக இறக்கவில்லை.

ஜெமீலா பாயில் இருந்து தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். ஹம்சியாவும் பார்த்தாள். "என்ன, மிஸ்?" என்றாள்.

கோப்பையை அவளிடம் நீட்டினேன்.

"இன்னொருக்கா ஊத்துங்கோ" என்றேன்.